காதில் பூ, கையில் ஹடோகென்

சண்டை கேம்களை வைத்து 1990-களில் ஜப்பானில் எடுத்த அனிமேக்கள் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த முறை. ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: ஒவ்வொரு அடிக்கும் அதன் பெயரை உரக்கக் கத்திவிட்டுத்தான் அடிக்கிறார்கள். அதுவரை எதிராளி சும்மா நிற்கிறான். இதை எப்படி ரசிப்பது? (மதுரை வாசகர்)

பெயர் சொல்லி அடிப்பது ஜப்பானிய ரோபோ கார்ட்டூன்களில் 70-களிலிருந்தே உண்டு. ஆனால் சண்டை கேமில் அதற்கு ஒரு வேலை இருந்தது. 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை கீழே, கீழ்-முன் மூலை, முன்னே என்று உருட்டி, கூடவே குத்து பட்டனைத் தட்டினால்தான் ஹடோகென், அதாவது கையிலிருந்து பாயும் ஒளி உருண்டை, வரும். உருட்டல் கொஞ்சம் பிசகினால் வெறும் குத்துதான். இரைச்சலான ஆர்கேடில் (காசு போட்டு கேம் ஆடும் கூடத்தில்) "ஹடோகென்!" என்ற குரல் கேட்டால் கை சரியாகப் போயிருக்கிறது என்று ஆடுபவருக்குத் தெரியும். எதிரே நிற்பவருக்கும் தெரியும். குதிப்பதா தடுப்பதா என்று அந்தக் குரலை வைத்தே முடிவெடுப்பார். கடையில் கொடுக்கும் ரசீது மாதிரி அந்தக் குரல்.

அனிமேக்காரர்கள் ரசீதை எடுத்துக்கொண்டார்கள், கடையை விட்டுவிட்டார்கள். கேமில் கையைப் பின்னிழுத்து உருண்டை கிளம்ப ஆகும் நேரம் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் என்ற கணக்கில் அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. படத்தில் அதையே பத்து நொடிக்கு இழுப்பார்கள். எதிராளி நிற்பதற்குக் காரணம் மரியாதை இல்லை, செலவு. நிற்பவனுக்கு ஒரே படம் போதும், அசைபவனுக்கு ஒவ்வொன்றாக வரைய வேண்டும். இது தெரிந்துவிட்டால் அடுத்த முறை எதிராளியைப் பாருங்கள். தலைமுடியும் நெற்றிப் பட்டையும் மட்டும் காற்றில் ஆடும், ஆள் பொம்மை. பாதி வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஜப்பானியக் குரலில் 'வேகா' என்று கேட்கிறது, ஆங்கில சப்டைட்டிலில் 'பைசன்' என்று ஓடுகிறது. எது தவறு? (சேலம் வாசகர்)

இரண்டும் சரி. குத்துச்சண்டைக்காரன், நகத்தை மாட்டிக்கொண்ட ஸ்பெயின்காரன், சிவப்புச் சீருடை போட்ட சர்வாதிகாரி என்று கேமில் மூன்று வில்லன்கள். ஜப்பானில் முறையே எம். பைசன், பால்ராக், வேகா. அந்தக் குத்துச்சண்டைக்காரனின் முகமும் பெயரும் மைக் டைசனை நினைவூட்டியதால், வழக்கு வந்துவிடுமோ என்று அமெரிக்க வெளியீட்டில் மூன்று பெயர்களையும் சுற்றி மாற்றினார்கள். அங்கே குத்துச்சண்டைக்காரன் பால்ராக், நகக்காரன் வேகா, சர்வாதிகாரி பைசன். கோகி என்பவன் அக்குமா ஆனதும் இதே அமெரிக்கப் பயணத்தில்தான்.

விளையாடுபவர்கள் இந்தக் குழப்பத்துக்குப் போட்டிருக்கும் வழி எளிது: பாக்ஸர், கிளா, டிக்டேட்டர் என்றே சொல்வார்கள். நாமும் கீழே அப்படியே சொல்வோம்.

கேள்வி: கதையே இல்லாத கேமிலிருந்து எப்படிக் கதை எடுக்கிறார்கள்? 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' பார்த்தேன், பூனை தேடுவதில் ஆரம்பிக்கிறது! (திருச்சி வாசகர்)

ஆமாம், பூனைதான். காணாமல் போன பூனையைத் தேடிப் போன ரியோவும் ராபர்ட்டும் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறார்கள், நடுவில் ஒரு வைரம் காணாமல் போகிறது, ரியோவின் தங்கை யூரியைக் கடத்துகிறார்கள். கேமில் இருந்தது தங்கையைக் கடத்திய பகுதி மட்டும்தான். தங்கையைத் தேடி அண்ணன் ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே போவான். அதை 46 நிமிடம் நிரப்ப முடியாது, எனவே பூனையும் வைரமும் வந்தன.

46 நிமிடம் என்ற கணக்கு ஒரு மணி நேர டிவி ஸ்லாட்டில் விளம்பரம் போக மிஞ்சுவது. 'ஃபேடல் ஃப்யூரி'யின் முதல் அனிமே 1992 டிசம்பர் 23-லும் 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' சரியாக ஒரு வருடம் கழித்து 1993 டிசம்பர் 23-லும் ஒளிபரப்பாயின. அன்று ஜப்பானில் பேரரசர் பிறந்தநாள் விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சி என்ற மனநிலையோடு பார்த்தால் பூனையும் பொருந்திவிடும்.

'ஃபேடல் ஃப்யூரி'க்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. ஜெஃப் போகார்டை கீஸ் ஹோவர்ட் கொன்றான், பிள்ளைகள் டெர்ரியும் ஆண்டியும் வளர்ந்து வந்து பழி வாங்குகிறார்கள். கேமிலேயே முழுக்கதை இருந்தது, சமைத்துப் பரிமாறினால் போதும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' திரைப்படத்துக்கோ எதிர்ப்பக்கத் தலைவலி. 1993-ல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் 16 பேர். படம் ஏறக்குறைய 100 நிமிடம். தலைக்கு ஆறு நிமிடம் தேறும். ரியூ, கென், சுன்-லீ, டிக்டேட்டர் ஆகியோர் முக்கால்வாசியைத் தின்றுவிடுவதால் மற்றவர்கள் கல்யாண வீட்டில் தலை காட்டிவிட்டுப் போவது போல வந்து போகிறார்கள். கேமில் ரகசியமாக ஒளித்து வைத்த அக்குமாகூட இந்தியாவில் நடக்கும் சண்டைக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக ஓரிரு நொடி தெரிவார். கண் சிமிட்டினால் போச்சு.

கேள்வி: முதலில் எதைப் பார்ப்பது? எதை விடுவது? (புதுச்சேரி வாசகர்)

முதலில் 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்', அதுவும் ஆங்கில டப்பிங்கில். முக்கால் மணி நேரம்தான், அசட்டுத்தனத்தின் சுத்தமான மாதிரி. பிடித்திருந்தால் 'ஃபேடல் ஃப்யூரி' மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்: 1992, 1993, பிறகு 1994-ன் திரைப்படம். பிறகு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' திரைப்படம். அதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

1998-ல் வந்த 'டெக்கன்' அனிமே இரண்டு பகுதி, சேர்த்து ஒரு மணி நேரம். அப்பன் மகனை மலையிலிருந்து தள்ளிவிடும் கதை போதாதென்று டைனோசர் வேறு வருகிறது. வேண்டுமென்றே வேடிக்கை செய்தால் ரசிக்கலாம்; இது முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு செய்கிறது. மழை நாளில் பாருங்கள்.

உண்மையில் நல்ல வேலை வேண்டுமென்றால் மேட்ஹவுஸ் ஸ்டூடியோவின் 'நைட் வாரியர்ஸ்', 4 பகுதி. இதே கேமை வைத்து 1995-ல் அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் எடுத்தார்கள். தேடும்போது தவறி அதில் விழுந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்தில் சண்டை மட்டும் ஏன் வேறு தரத்தில் இருக்கிறது? (ஈரோடு வாசகர்)

சண்டை தெரிந்தவர்களிடம் கேட்டு வரைந்தார்கள், அதனால். இயக்குநர் கிசபுரோ சுகி. சண்டைக் காட்சிகளுக்கு கே-1 கிக்பாக்ஸிங் போட்டியை நிறுவிய கசுயோஷி இஷியும் கராத்தே வீரர் ஆண்டி ஹக்கும் ஆலோசனை. 1994 ஆகஸ்டில் வெளியான படம்.

சுன்-லீயின் வீட்டில் கிளா பதுங்கியிருந்து தாக்கும் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். சோபா, சுவர், அறையின் மூலை எல்லாம் சண்டையில் பங்கு பெறுகின்றன. உதைக்கு முன் இடுப்பு திரும்புகிறது, நின்ற காலில் எடை இறங்குகிறது. நகம் பட்ட இடம் அடுத்த ஷாட்டிலும் இருக்கிறது. அவள் களைத்துப்போகிறாள், அதுவும் தெரிகிறது. கேமின் நூறு உதை, பெயர் அறிவிப்புக்காக வராமல் வேறு வழியில்லாத கட்டத்தில் வருகிறது. ஆள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போகிறான். தொடக்கத்தில் புல்வெளியில் இடி மின்னலோடு ரியூவும் சகாட்டும் மோதும் காட்சியும் அதே ரகம்.

'ஃபேடல் ஃப்யூரி'யின் ருசி வேறு. உருவங்களை வடிவமைத்து 1994 படத்தை இயக்கிய மசமி ஓபாரி, ரோபோ அனிமே வரைந்து பேர் வாங்கியவர். டெர்ரி முஷ்டியை நீட்டும்போது அது முகத்தைவிடப் பெரிதாகக் கேமராவை நோக்கி வரும், தோள் கோணலாக மடங்கும், நிழல் உலோகம் போலப் பளபளக்கும். தொப்பி போட்ட ரோபோ என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடும்.

கேள்வி: அனிமேஷன் படிக்கிறேன். பழைய சண்டை அனிமே மாதிரி ஒரு சின்ன அடி செய்து பார்த்தேன், மொபைல் விளம்பரம் போல வழுவழுப்பாக வருகிறது. எங்கே தப்பு? (கோயம்புத்தூர் வாசகர்)

அதிகம் வரைந்துவிட்டீர்கள், அதுதான் தப்பு. பழையவர்கள் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் ஃபிலிமில் ஒரு படத்தை மூன்று ஃபிரேம் நிறுத்துவார்கள். அதாவது நொடிக்கு 8 படம். அடி விழும் கணத்தில் மட்டும் ஃபிரேமுக்கு ஒன்று. மெதுவுக்கும் வேகத்துக்கும் உள்ள அந்த இடைவெளிதான் 'பட்' என்று கேட்கும். கணினியில் இடைப்படங்களைத் தானாக நிரப்பவிட்டால் இடைவெளி மறைந்துவிடும், அடியில் கனம் இருக்காது.

24 ஃபிரேம் டைம்லைனில் இப்படிச் செய்து பாருங்கள். கையைப் பின்னிழுத்த நிலையில் 14 ஃபிரேம் நிறுத்துங்கள்: உடலுக்கு ஒரே படம், அதன் மேல் நெற்றிப் பட்டைக்கு மட்டும் 3 படம் சுழற்சியில். பிறகு வீச்சுக்கு 2 படம், ஒவ்வொன்றும் ஒரே ஃபிரேம். இரண்டாவதில் முஷ்டியை இரண்டு மடங்கு நீளமாக இழுத்து வரையுங்கள். அடி விழுந்ததும் ஒரு ஃபிரேம் முழு வெள்ளை, அடுத்த ஃபிரேம் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டு வடிவம். பிறகு அடி பட்ட நிலையை ஒரே படமாக 7 ஃபிரேம் அப்படியே உறைய வையுங்கள். அந்த நேரம் பின்னணியை மட்டும் 4 முதல் 6 பிக்சல் குலுக்குங்கள். கடைசியாக அடி வாங்கியவன் பறக்க 12 ஃபிரேம், மூன்று மூன்றாக 4 படம். பின்னால் வேகக் கோடுகள் 3 படம் சுழற்சி. மொத்தம் 37 ஃபிரேம், ஒன்றரை நொடி, முழு வெள்ளையையும் ஒன்றாக எண்ணினால் வேண்டியது 16 படம்.

ஆளையும் சேர்த்துக் குலுக்கினால் நிலநடுக்கம் போல ஆகிவிடும். ஒவ்வொரு குத்துக்கும் வெள்ளை ஃபிரேம் வைத்தாலும் மதிப்புப் போய்விடும், மூன்று குத்துக்கு ஒன்று போதும். நிழல் இரண்டே நிறம், ஓரம் கத்தியால் வெட்டியது போல. கிரேடியன்ட் தொடவே வேண்டாம்.

ஹடோகென் ஒளிக்கு அந்தக் காலத்தில் கறுப்பு மறைப்பில் ஓட்டை வெட்டி, கீழிருந்து விளக்கை அடித்து, வண்ண ஜெலட்டின் தாள் வைத்து, அதே ஃபிலிமில் இரண்டாம் முறை படம் பிடித்தார்கள். அதனால்தான் அந்த ஒளி ஓவியத்தின் மேல் பூசியது போல இல்லாமல் கண்ணைக் கூசும். கணினியில் ஒளி உருண்டையைத் தனி லேயரில் வைத்து, அதன் பிரதி ஒன்றை மங்கலாக்கி 'ஸ்கிரீன்' அல்லது 'ஆட்' முறையில் மேலே போடுங்கள். நடுப்பகுதி வெள்ளையாகவே எரிய வேண்டும், நீலம் ஓரத்தில் மட்டும். பலர் நடுவிலும் நீலம் வைப்பார்கள், அப்போது சோப்புக் குமிழி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 1997 டிசம்பரில் 'போகிமான்' தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மின்னியதில் ஜப்பானில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு நொடிக்கு 3 மின்னலுக்கு மேல் கூடாது என்பது அங்கே தொலைக்காட்சி விதி. நீங்கள் பார்த்துக் கற்கும் படங்கள் பலவும் அதற்கு முந்தையவை. கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள்.

கேள்வி: ரியூ இந்தியா வருவாராமே? (திருநெல்வேலி வாசகர்)

வருகிறார். 1995-ல் 29 பகுதிகளாக வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வி' தொடரில், 17 வயது ரியூவும் கென்னும் ஹாங்காங், தாய்லாந்து வழியாக இந்தியா வந்து தால்சிம்மிடம் ஹடோ சக்தியைக் கற்கிறார்கள். கேமில் தால்சிம் கேரளாக்காரர். கழுத்தில் தொங்கும் மண்டை ஓடுகள் கொள்ளைநோயில் இறந்த கிராமத்துக் குழந்தைகளுடையவை என்பது கதை. யோகா செய்தால் கை ரப்பர் போல நீளும், வாயில் நெருப்பு வரும் என்பதெல்லாம் காதில் பூ அல்ல, பூந்தோட்டம். அனிமே தொடரில் அவரைக் கொஞ்சம் மரியாதையாக, ஆசானாகக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தத் தொடரில் ஹடோகென் உடனே கிடைக்காது. பயணம், சிறை, பயிற்சி என்று பல பகுதிகள் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று பகுதிக்கு மேல் பார்த்தால் சலிப்புத் தட்டும்.

கேள்வி: வெளிநாட்டு டிஸ்க் வாங்கினால் இங்கே ஓடுமா? (கொழும்பு, சிங்கப்பூர், லண்டன் வாசகர்கள்)

டிஸ்க்கின் ரீஜன் எண்ணும் பிளேயரின் ரீஜன் எண்ணும் பொருந்தினால்தான் ஓடும். டிவிடி என்றால் அமெரிக்கா 1, ஜப்பானும் ஐரோப்பாவும் 2, சிங்கப்பூர், மலேசியா 3, இந்தியா, இலங்கை 5. ப்ளூ-ரே என்றால் அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ, ஐரோப்பா பி, இந்தியா, இலங்கை சி. ஆகவே சிங்கப்பூர்க்காரருக்கு அமெரிக்க ப்ளூ-ரே நேராக ஓடும். கொழும்புக்காரருக்கு ரீஜன்-ஃப்ரீ பிளேயர் வேண்டும். லண்டன்காரருக்கு ஜப்பான் டிவிடி எண் பொருந்தும், ஆனால் அது என்டிஎஸ்சி, அதாவது ஜப்பான், அமெரிக்காவின் டிவி வீடியோ முறை. பிளேயர் ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் கிடையாது.

கணினி டிவிடி டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் 5 முறைதான். ஐந்தாவது மாற்றத்தோடு பூட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு வீணாக்காதீர்கள்.

கேள்வி: பழைய டிவிடியில் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. டிவியில் போட்டால் சீரியல் போல வழுக்குகிறது. (வேலூர் வாசகர்)

இரண்டு தனித்தனி நோய். ஃபிலிமின் 24 ஃபிரேமை என்டிஎஸ்சி வீடியோவின் 30-க்கு இழுக்கும்போது ஐந்து ஃபிரேமில் இரண்டு, பக்கத்துப் பக்கத்துப் படங்களின் கலவையாகிவிடும். அதுதான் சீப்பு. விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, முறையில் 'ஃபிலிம் என்டிஎஸ்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற முறைகளில் சில கோட்டை மறைக்கும், கூடவே படத்தையும் மங்கலாக்கும்.

வழுக்கலுக்குக் காரணம் டிவியின் மோஷன் ஸ்மூத்திங், அதாவது இடைப்படங்களை டிவியே நிரப்பும் வசதி. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். பிக்சர் செட்டிங்கில் 'மோஷன்' என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அந்த ஒரு ஃபிரேம் வெள்ளையை அது பக்கத்து ஃபிரேம்களோடு குழைத்துச் சாப்பிட்டுவிடும். அப்படியே திரை விகிதத்தையும் பாருங்கள். டிவி ஸ்பெஷல்கள் 4:3. ஹடோகென் மாதிரியான ஒளி உருண்டை முட்டை வடிவில் தெரிந்தால் டிவி படத்தை இழுக்கிறது.

கேள்வி: டப்பிங்கா, சப்டைட்டிலா? (நாகர்கோவில் வாசகர்)

சிரிக்க டப்பிங், ரசிக்க ஜப்பானியம். அனிமே வாய்க்கு மூடியது, பாதி, திறந்தது என்று மூன்றே படம். ஜப்பானிய வசனம் நீளமாக இருந்தால் வாயும் அவ்வளவு நேரம் அடிக்கும். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது அதற்குள் முடிந்துவிட, மீதி வாய்க்கு ஏதாவது சொல்லி நிரப்புவார்கள். அர்த்தமில்லாமல் நீளும் அந்த வசனங்களின் பிறப்பிடம் இது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்துக்கு இசையும் மாறும். ஜப்பானிய வெளியீட்டில் டெட்சுயா கொமுரோ உருவாக்கி ரியோகோ ஷினோஹரா பாடிய பாட்டு. தனியாகவே 20 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆங்கில வெளியீட்டில் கார்ன், ஆலிஸ் இன் செயின்ஸ் போன்ற ராக் குழுக்கள். இரண்டையும் கேளுங்கள், வேறு வேறு படம் போல இருக்கும். குழந்தைகளோடு பார்க்கலாமா என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: ரத்தம் உண்டு, சுன்-லீயின் குளியல் காட்சி உண்டு. ஆங்கிலப் பதிப்புகள் சிலவற்றில் வெட்டியிருப்பார்கள், 'அன்கட்' என்று போட்டிருந்தால் முழுசு. பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

கேள்வி: இந்தப் படங்களால் கேமுக்கு ஏதாவது லாபம் உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

உண்டு. படத்தின் முடிவில் ரியூவும் கென்னும் சேர்ந்து டிக்டேட்டரை அடிப்பார்கள். ஒருவருக்கு ஒருவர் என்பதே விதியாக இருந்த கேமில், 1995-ன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா'வில் அப்படியே இருவர் சேர்ந்து ஒருவரை அடிக்கும் சண்டையை ஒளித்து வைத்தார்கள். 'டிரமாட்டிக் பேட்டில்' என்று பெயர்.

அதே ஆண்டு படத்தையே கேமாகவும் விற்றார்கள். பிளேஸ்டேஷன், சாட்டர்ன் இரண்டிலும் வந்தது. படத்தில் வீரர்களை உளவு பார்க்க டிக்டேட்டர் அனுப்பும் எந்திர மனிதன்தான் நீங்கள். படக்காட்சிகள் ஓட ஓட, அடிகளைப் பட்டன் தட்டிப் பதிவு செய்துகொண்டே போய், கடைசியில் ரியூவோடு மோத வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1994-ல் வான் டாம் நடித்த ஹாலிவுட் படத்தை வைத்து 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்: தி மூவி' என்று இன்னொரு கேமும் இதே இரண்டு மெஷின்களில் உண்டு, நடிகர்களின் புகைப்படத்தை ஒட்டிச் செய்தது. அனிமே கேம் ஜப்பானில் மட்டுமே வெளியானது; அட்டையில் '2' என்ற எண் இருக்கும். அட்டையில் வான் டாம் முறைத்துக்கொண்டிருந்தால் அது இதில்லை.